ஏழு முழ வீதியில் மூன்று கியூப் மணல்





கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள். கோபம் வந்தால் கடைசி வரி வரைக்கும் வாசித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

நமது குறிச்சி வீதிகளுக்குள் டிப்பர்களும் பெரிய லொறிகளும் ஓடுவதற்கு எதிராக இளைஞர்கள் கையெழுத்துச் சேகரிக்கிறார்கள். அல்ஹம்துலில்லாஹ், நல்ல வேலை. நான் கையெழுத்து வைத்துவிட்டேன். வைக்காதவர்கள் போய் வையுங்கள். ஆனால் அந்த மனுவின் முதல் கோரிக்கை "டிப்பர்களை முற்றாகத் தடை செய்ய வேண்டும்" என்று இருக்கிறது. அந்த ஒரு வரியை மாற்ற வேண்டும் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அந்த வரி இருக்கும்வரை மனு மேசையில் கிடந்து தூசு பிடிக்கும். மாற்றினால் வேலை நடக்கும்.

முதலில் ஆபத்து எவ்வளவு என்று பார்ப்போம். ஆசிரியன் என்பதால் கணக்கிலிருந்துதான் தொடங்கத் தெரியும்.

நமது உள்வீதி ஒன்றின் அகலம் பன்னிரண்டு அடி என்று வையுங்கள். பல ஒழுங்கைகள் அதுவுமில்லை. டிப்பரின் அகலம் எட்டு அடி. மிச்சம் நாலு அடி. நடுவால் வந்தால் பக்கத்துக்கு இரண்டு அடி. அந்த இரண்டு அடிக்குள்தான் மூடி இல்லாத வடிகான், மின்கம்பம், நிறுத்திவைத்த மோட்டார் சைக்கிள், பள்ளிக்கூடப் பை தோளில் தொங்கும் பிள்ளை எல்லாம்.

இனி வேகம். மணிக்கு 50 கிலோமீற்றரில் வரும் வாகனம் ஒரு செக்கனில் 14 மீற்றர் ஓடிவிடும். பிள்ளை குறுக்கே வருவதைக் கண்டு சாரதியின் கால் பிறேக்கில் படுவதற்கே ஒரு செக்கன் போய்விடும். அதற்குப் பிறகு காய்ந்த வீதியில் நிற்க இன்னுமொரு 14 மீற்றர். மொத்தம் 28 மீற்றர். அதே வாகனம் 30இல் வந்தால் 13 அல்லது 14 மீற்றரில் நின்றுவிடும். இது காருக்குரிய கணக்கு. பாரம் ஏற்றிய டிப்பருக்கு இதைவிடத் தூரம் வேண்டும். மணல் சிந்திக் கிடக்கும் கொங்கிறீட் வீதியில் இன்னும் தூரம் வேண்டும். கேற்றைத் திறந்து பந்துக்குப் பின்னால் ஓடிவரும் பிள்ளைக்கும் டிப்பருக்கும் இடையில் 28 மீற்றர் எங்கே இருக்கிறது?

இனிப் பாரம். ஒரு கியூப் என்பது 100 கன அடி. காய்ந்த மணல் என்றால் ஏறக்குறைய நாலரைத் தொன். ஆற்றிலிருந்து அள்ளிய ஈரமணல் அதைவிடக் கூட. மூன்று கியூப் ஏற்றினால் மணல் மட்டும் பதின்மூன்றரைத் தொன். 1950களின் கடைசியில் அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் வீதிகளை அமைத்து, லொறிகளைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு ஒரு பரிசோதனை செய்தார்கள். அதில் தெரியவந்தது: அச்சில் விழும் பாரம் இரண்டு மடங்கானால் வீதிக்கு வரும் சேதம் இரண்டு மடங்காவதில்லை, ஏறக்குறைய பதினாறு மடங்காகிறது. கார் ஒன்று ஓர் அச்சில் அரைத் தொன் வைக்கிறது, டிப்பர் ஒன்று பின் அச்சில் எட்டுத் தொன் வைக்கிறது என்றால், வீதிக்கு அந்த டிப்பர் ஒருதடவை போவது கார் அறுபத்தையாயிரம் தடவை போவதற்குச் சமன். தரம் 10 பிள்ளைகளிடம் 16இன் நாலாம் அடுக்கைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், 65,536 என்று சொல்வார்கள். போட்டு இரண்டு வருடத்தில் கொங்கிறீட் வெடித்துவிட்டதே, கொந்தராத்துக்காரர் சீமெந்தைக் குறைத்துவிட்டாரோ என்று கேட்கிறோமே, விடையில் பாதி இதுதான்.

ஆகவே பயம் நியாயமானது. கோபமும் நியாயமானது. இதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் இந்தக் கனவாகனங்கள் ஏன் வருகின்றன? வானத்திலிருந்து விழவில்லை. நாம் கூப்பிட்டுத்தான் வருகின்றன.

கடலுக்கும் வாவிக்கும் நடுவில் நெருக்கிக்கொண்டு வாழும் ஊர்கள் நமது ஊர்கள். காத்தான்குடியை எடுங்கள், 2012 கணக்கெடுப்பின்படி 40,000 பேருக்கு மேல். நிலமோ சில சதுர கிலோமீற்றர் மட்டும். ஏறாவூரும் ஓட்டமாவடியும் நெருக்கத்தில் சளைத்தவை இல்லை. பக்கவாட்டில் விரிய இடமில்லாததால் மேலே மாடி எழுகிறது. மகளுக்குக் கல்யாணம் பேசினால் வீடு வேண்டும். இரண்டாவது மகளுக்கு இன்னொரு வீடு. அந்த வளவுக்குள்ளேயே, இருக்கிற வீட்டுக்கு மேலேயே. சீதனமாக வீடு கொடுக்கும் வழக்கம் நமக்கிடையில் இருக்கும்வரை மணல் லொறி வந்துகொண்டுதான் இருக்கும். அது வேறொரு பதிவுக்குரிய விஷயம். இங்கே சொல்ல வருவது, ஒரு குறிச்சியில் எந்த நாளிலும் நாலைந்து வீடாவது கட்டப்படுகிறது என்பதுதான். மணல், சல்லி, கல், கம்பி எல்லாம் இந்த வீதிகளால்தான் உள்ளே வரவேண்டும். பள்ளிவாயலின் மேல்மாடிக்கும் மத்ரஸாவின் புதிய கட்டடத்துக்கும் அப்படித்தான்.

முற்றாகத் தடை செய் என்று கையெழுத்து வைத்தவரின் வீட்டுக்கே அடுத்த மாதம் அத்திவாரம் வெட்ட இருக்கும். அன்றைக்கு அவர் டிப்பரைத் தேடி ஓடுவார். அதிகாரிகளுக்கும் இது தெரியும். அதனால்தான் இப்படியான மனுக்களைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு வைத்துவிடுகிறார்கள்.

அப்படியென்றால் என்ன கேட்பது?

இந்தக் கேள்விக்கு விடை 900 வருடங்களுக்கு முன்னரே எழுதப்பட்டிருக்கிறது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 505இல், அதாவது 1111ஆம் ஆண்டில் வபாத்தானார்கள். அவர்களுடைய இஹ்யா உலூமித்தீனில் நன்மையை ஏவித் தீமையைத் தடுப்பது பற்றிய பகுதியில், வீதிகளில் நடக்கும் தீமைகள் என்று தனியாக ஒரு பிரிவு இருக்கிறது. வீட்டுக்கு முன்னால் வீதியை ஒடுக்கித் திண்ணையும் தூணும் கட்டுவது, நடப்பவர்களுக்கு இடைஞ்சலாக மிருகங்களை வீதியில் கட்டிவைப்பது, மிருகத்தின் மீது அது தாங்காத அளவு பாரம் ஏற்றுவது என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறார்கள். அதில் முள் ஏற்றிய மிருகங்களைப் பற்றி வருகிறது. முட்சுமை நடப்பவர்களின் உடுப்பைக் கிழிக்குமானால் தடுக்க வேண்டும். எப்போது? சுமையை இறுக்கிக் கட்ட முடியுமாக இருந்தால், அல்லது அகலமான பாதையால் கொண்டுபோக முடியுமாக இருந்தால். இரண்டும் முடியாவிட்டால் தடுக்கக் கூடாது, ஏனென்றால் ஊராருக்கு அந்தச் சுமை தேவைப்படுகிறது. ஆனாலும் இறக்கிய முள்ளை உள்ளே எடுத்துச் செல்லும் நேரத்துக்கு மேல் வீதியில் போட்டு வைக்கக் கூடாது.

முள்ளை எடுத்துவிட்டு மணலைப் போட்டு ஒருதடவை நினைத்துப் பாருங்கள். பாரத்தைக் கட்டுப்படுத்து. மூடிக் கட்டு. அகலமான வழியால் கொண்டு வா. தேவை இருப்பதால் முற்றாகத் தடுக்காதே. இறக்கியதை வீதியில் விட்டுவைக்காதே. நமது மனுவுக்கு இதைவிடத் தெளிவான வரைவு வேண்டுமா?

ஒன்றைக் கவனியுங்கள். அந்தப் பட்டியலில் வீதியால் போகிறவனின் தவறும் இருக்கிறது, வீதியோரம் குடியிருப்பவனின் தவறும் இருக்கிறது. வீதியின் அகலம் பற்றிச் சண்டை வந்தால் ஏழு முழம் விடுங்கள் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் தீர்ப்புச் சொன்னதாக புகாரி, முஸ்லிம் இரண்டிலும் ஹதீஸ் பதிவாகியிருக்கிறது. ஏழு முழம் என்பது ஏறக்குறைய பத்தரை அடி. பாரம் ஏற்றிய மிருகங்கள் வந்துபோவதற்கான இடம் என்று அறிஞர்கள் விளக்கம் எழுதியிருக்கிறார்கள். இன்று நமது ஒழுங்கைகளில் ஏழு முழம் மிஞ்சியிருக்கிறதா என்று ஓர் அளவுநாடாவை எடுத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். மதிலை ஓர் அடி வெளியே தள்ளிக் கட்டியவர், கேற்றுக்கு முன்னால் கொங்கிறீட் சரிவை வீதிக்குள் நீட்டியவர், கடைக்கு முன்னால் தகரம் இறக்கியவர், ஆறு மாதமாகச் சல்லிக் குவியலை வீதியில் விட்டவர். இவர்களில் ஒருவர்கூட டிப்பர் சாரதி இல்லை.

"சேர், டிப்பர்காரனுக்கு வக்காலத்து வாங்குறீங்களா?" என்று கீழே யாராவது கேட்பீர்கள். இல்லை, தம்பி. ஒரு நடைக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் சாரதி, ஒரு நடையைக் கூட்டுவதற்காகப் பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் ஹோர்ன் அடித்துக்கொண்டு பறப்பதை நான் ஒருநாளும் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் அவனை மறித்து அடிப்பதால் அடுத்த நாள் இன்னொருவன் வருவான், அவ்வளவுதான். நடைக் கணக்கில் கூலி கொடுக்கிற முறை மாறாமல் சாரதியின் கால் அக்ஸிலேற்றரிலிருந்து எழும்பாது.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. மெதுவாகச் சொல்கிறேன்.

இந்த மணல் எங்கிருந்து வருகிறது? முந்தனையாற்றிலிருந்து, மாதுறு ஓயாப் பக்கத்திலிருந்து, படுவான்கரைப் பக்கத்து ஆறு வாய்க்கால்களிலிருந்து. அந்த டிப்பர் நமது குறிச்சிக்குள் நுழைவதற்கு முன்னர் எத்தனையோ தமிழ்க் கிராமங்களின் கிறவல் வீதிகளைக் கடந்து வருகிறது. நமக்குக் கொங்கிறீட் வெடிக்கிறது. அவர்களுக்கு வீதியே இல்லாமல் போகிறது. வெயிலில் செம்புழுதி, மழையில் சேறு. ஆற்றங்கரை இடிந்து வயலுக்குள் வருகிறது. அந்தப் பக்கத்து மக்கள் மணல் அகழ்வுக்கு எதிராகப் பலதடவை வீதிக்கு இறங்கியிருக்கிறார்கள். 2019 டிசம்பரில் மணல் ஏற்றிச் செல்வதற்கான அனுமதிப்பத்திரமே தேவையில்லை என்று அன்றைய அரசாங்கம் முடிவெடுத்தபோது முதலில் அடிபட்டது அவர்களுடைய ஆறுகள்தான்.

மண்முனைப் பாலம் 2014 ஏப்ரலில் திறக்கப்படும் வரை அந்தத் துறையால் வாவியைக் கடப்பதற்குப் பாதைதான் இருந்தது. இளம் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன், நமது பக்கத்தில் பாதை என்றால் வாகனத்தையும் ஆட்களையும் ஏற்றிக் கரை சேர்க்கும் மிதவை. பாலம் வந்தது எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் பெரிய நிஃமத். நோயாளி நேரத்துக்கு ஆஸ்பத்திரி சேர்கிறார், நெல்லும் பாலும் மீனும் இரண்டு பக்கமும் போகின்றன. 2013இல் கல்லடியில் புதிய பாலம் திறக்கப்பட்டதும் அப்படித்தான். பிரதான வீதிகள் காப்பெற் ஆகின. ஆனால் பாலத்தின் அகலத்துக்கும் பிரதான வீதியின் அகலத்துக்கும் ஏற்றமாதிரி நமது ஒழுங்கை அகலவில்லை. பெரிய குழாயால் வரும் தண்ணீர் சின்னக் குழாய்க்குள் சீறிக்கொண்டு வருவது போலத்தான் இந்த நிலைமை.

ஆகவே இது முஸ்லிம் ஊரின் பிரச்சினை, தமிழ் ஊரின் பிரச்சினை என்று பிரித்துப் பார்க்க ஒன்றுமே இதில் இல்லை. டிப்பர் சொந்தக்காரர்களில் இரண்டு சமூகத்தவரும் இருக்கிறார்கள். சாரதிகளிலும் இருக்கிறார்கள். பாதிக்கப்படுவோரிலும் இருக்கிறார்கள். ஒருநாள் கோபத்தில் நமது இளைஞர்கள் ஒரு டிப்பரை மறித்து, உள்ளே இருந்த சாரதி மற்றச் சமூகத்துப் பிள்ளையாக இருந்து, யாரோ ஒருவர் அதை ஃபோனில் எடுத்துப் பாதியை வெட்டிப் போட்டால் பின்னேரத்துக்குள் கதை எங்கே போய் நிற்கும்? இந்த மாவட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. மணலில் தொடங்கியது மணலில் முடியாது.

அதனால் என் வேண்டுகோள், வீதி மறியலுக்கு முன் படுவான்கரையில் இதே பிரச்சினையோடு இருக்கும் கிராமத்து அபிவிருத்திச் சங்கங்களோடும் கோயில் நிர்வாகங்களோடும் நமது பள்ளிவாயல் நிருவாகம் ஒருதடவை உட்கார்ந்து பேசட்டும். மணல் புறப்படும் ஊரும் மணல் வந்துசேரும் ஊரும் ஒரே கடதாசியில் கையெழுத்து வைத்தால் அதைத் தூக்கி மூலையில் போடுவது எந்த அலுவலகத்துக்கும் இலகுவில்லை.

அடுத்தது, எந்தக் கதவைத் தட்டுவது? இதில்தான் நமது மனுக்கள் வழிதவறிப் போகின்றன. ஏ, பி தரப் பிரதான வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியவை. காத்தான்குடியை ஊடறுக்கும் ஏ-4, ஏறாவூரையும் ஓட்டமாவடியையும் ஊடறுக்கும் ஏ-15 இந்த வகை. சி, டி தர வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்குரியவை. நமது குறிச்சி வீதிகளும் ஒழுங்கைகளும் நகர சபைக்கு அல்லது பிரதேச சபைக்குரியவை. மணல் அகழ்வு அனுமதி 1992ஆம் ஆண்டு 33ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகத்துக்குரியது. ஓட்டத்தையும் பாரத்தையும் வீதியில் பிடிப்பது பொலிஸார். எல்லோரையும் ஒரே மேசையில் உட்காரவைக்கும் இடம் பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டம். ஒழுங்கைக்குப் பலகை போடச் சொல்லி அதிகார சபைக்கு எழுதினால், எங்களுக்குரியதல்ல என்று ஒரு வரியில் பதில் வரும். அதோடு முயற்சி படுத்துவிடும்.

2023 மார்ச்சிலிருந்து உள்ளூராட்சி சபைகள் இல்லாமல் செயலாளர்கள்தான் நிருவாகம் நடத்தினார்கள். கேட்டால், சபை வரட்டும் என்றார்கள். 2025 மே 6இல் தேர்தல் நடந்தது. சபை வந்துவிட்டது. வாக்குக் கேட்டு இதே ஒழுங்கைகளால் நடந்து வந்தவர்கள்தான் உள்ளே இருக்கிறார்கள். இனி அந்தச் சாட்டு இல்லை.

2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நமது கையில் இருக்கிறது. நமது பக்கத்துக்கு எத்தனை மணல் அனுமதிப்பத்திரங்கள் வழங்கப்பட்டிருக்கின்றன, எத்தனை கியூப், என்ன நிபந்தனைகள் என்று எழுத்தில் கேட்கலாம். கேட்பதற்கு ஒரு விண்ணப்பம் போதும். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர்கள் முடிவு சொல்லியாக வேண்டும். இந்த எண்கள் கையில் இல்லாமல் கூட்டத்துக்குப் போவது வீட்டுவேலை செய்யாமல் வகுப்புக்கு வருவது மாதிரி.

இனி, மனுவில் முதல் கோரிக்கைக்குப் பதிலாக இவற்றை வைக்கலாம் என்று நினைக்கிறேன்:

1. நேரம். பாடசாலை நாட்களில் காலை 6.30 முதல் 8 வரையும், பகல் 1 முதல் 2.30 வரையும் உள்வீதிகளுக்குள் கனரக வாகனம் நுழையக் கூடாது. ஜும்ஆ நேரத்திலும் அப்படியே. கொழும்பு நகருக்குள் நெரிசல் நேரங்களில் கனரக வாகனங்களைக் கட்டுப்படுத்துகிறார்கள்தானே. அங்கே முடியும் என்றால் இங்கேயும் முடியும்.

2. பாரம். பன்னிரண்டு அடிக்குக் குறைந்த வீதிகளுக்குள் ஒரு கியூப் ஏற்றும் சிறிய வாகனம் மட்டும். பெரிய டிப்பர் பிரதான வீதிக்குக் கிட்ட ஒதுக்கிய வெற்றுக்காணியில் இறக்கட்டும். அங்கிருந்து சிறிய வாகனத்தில் உள்ளே வரட்டும். ஏற்றியிறக்கும் செலவு கொஞ்சம் கூடும். அதை வீடு கட்டுகிறவர் பொறுக்கத்தான் வேண்டும்.

3. வழி. உள்ளே வரும் வாகனம் எந்த வீதியால் வந்து எந்த வீதியால் போவது என்று சபை தீர்மானித்துப் பலகை போடட்டும். பாடசாலையும் மத்ரஸாவும் உள்ள வீதிகளைத் தவிர்த்து.

4. வேகம். உள்வீதிகளில் 30. இது நான் கண்டுபிடித்த எண் இல்லை. 2020 பெப்ரவரியில் ஸ்டொக்ஹோமில் கூடிய உலக வீதிப் பாதுகாப்பு மாநாட்டின் பிரகடனமே, நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும் வாகனங்களோடு கலந்து போகும் இடத்தில் 30க்கு மேல் வேண்டாம் என்கிறது. இது ஹயஸ் வேனுக்கும் ஆட்டோவுக்கும், இரவில் சைலன்ஸரைக் கழற்றி ஓடும் நமது பிள்ளைகளின் மோட்டார் சைக்கிளுக்கும் சேர்த்துத்தான்.

5. குவியல். வீதியில் இறக்கிய மணலையும் சல்லியையும் இரண்டு நாளுக்குள் வளவுக்குள் எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் சபை தண்டம் அறவிட வேண்டும்.

இதெல்லாம் நமது நாட்டில் நடக்காது என்று சொல்கிறவர்களுக்கு ஒரு விஷயம். இன்றைக்கு சைக்கிளுக்குப் பேர்போன நெதர்லாந்தில் 1971இல் மட்டும் 400க்கு மேற்பட்ட பிள்ளைகள் வீதி விபத்தில் இறந்தார்கள். மகளை வீதியில் பறிகொடுத்த ஒரு பத்திரிகையாளர் எழுதத் தொடங்கினார். சிறுவர்களைக் கொல்வதை நிறுத்துங்கள் என்ற பெயரிலேயே ஓர் இயக்கம் எழுந்தது. தாய்தகப்பன்மார் பிள்ளைகளோடு வீதியை மறித்து உட்கார்ந்தார்கள். அவர்கள் கார்களை நாட்டிலிருந்து துரத்தச் சொல்லவில்லை. குடியிருப்பு வீதியில் பிள்ளைக்கு முதலிடம், வாகனம் விருந்தாளி என்று கேட்டார்கள். 1976இல் அது சட்டமானது. குறிப்பாகக் கேட்டதால் கிடைத்தது.

நமது நாட்டில் ஒவ்வொரு வருடமும் இரண்டாயிரம் பேருக்கு மேல் வீதியில் சாகிறார்கள். பெரிய பஸ் விபத்து என்றால் ஒரு வாரம் பேசுவோம். ஒழுங்கையில் அடிபட்ட ஒரு பிள்ளையின் செய்தி ஜனாஸா அறிவித்தலோடு முடிந்துவிடும். கத்ர் என்று சொல்லி ஸப்ர் செய்கிறோம். கத்ரை நம்புவது ஈமான். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்னதும் அதே மார்க்கம்தான்.

கையெழுத்துச் சேகரிக்கும் தம்பிமாரே, உங்கள் உழைப்புக்கு அல்லாஹ் கூலி தருவான். முதல் வரியை மாற்றி, தமிழிலும் சிங்களத்திலும் எழுதுங்கள். எழுத்து வேலைக்கு என்னைக் கூப்பிடுங்கள், வருகிறேன். அதைக் கொடுக்கப் போகும் நாளுக்கு முன்னர், ஒரு வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு குறிச்சியிலுள்ள எல்லோரும் மண்வெட்டியோடு இறங்கி, நமது வீட்டு வாசல்களில் கிடக்கும் மணலையும் கல்லையும் நாமே உள்ளே எடுப்போம். வீதியில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று மிம்பரில் எத்தனை தடவை கேட்டிருப்போம். அதைச் செய்து, அளவுநாடாவால் வீதியை அளந்து, அந்த அளவையும் மனுவோடு இணைத்துக் கொண்டுபோவோம்.

கருத்து வேறுபாடு உள்ளவர்கள் கீழே எழுதுங்கள். மரியாதையாக எழுதுங்கள், பதில் தருவேன்.

வஸ்ஸலாம்.